என் புகைக்கு எதிராக நான் போட்ட கையெழுத்து

நான் பல கடிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்மேல் நானே புகார் சொல்லிக் கையெழுத்துப் போட்டது ஒருமுறைதான். அதையும் ஒளித்துப் போடவில்லை. முழுப் பெயர், வீட்டு இலக்கம், தேதி எல்லாம் தெளிவாக எழுதி, பேனையை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நானும் கணவரும் வாடகைக்கு இருப்பது ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில், இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் பெரிய வீதிக்கு ஒரு தெரு பின்னால், மூன்று தளக் கட்டடம் ஒன்றில். எங்கள் வீடு நடுத்தளம். நேர் கீழே ஃபிஜியிலிருந்து வந்த ஒருவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார். நேர் மேலே கோயம்புத்தூர்த் தம்பதி, எட்டு மாதக் குழந்தையோடு. கட்டடத்தில் சொந்த வீட்டுக்காரர் ஒருவரும் குடியிருப்பதில்லை. அவர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கத்துக்கு இந்த நாட்டில் பாடி கார்ப்பரேட் என்று பெயர். பெயரில்தான் பாடி, மூக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை. ஆனால் புகையென்றால் அதற்கு ஆகவே ஆகாது. வீட்டுக்குள், பால்கனியில், படிக்கட்டில், கார் நிறுத்துமிடத்தில் எங்கேயும் புகைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நாய் வளர்க்கக் கூடாது என்பதற்கு அடுத்த வரி. நாங்கள் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தோம். நாய் விஷயத்தில் இன்றுவரை நான் ஒரு பிழையும் விட்டதில்லை.

நான் சிகரெட் பழகியது இந்த நாட்டின் மொழியால். வந்த முதல் வருடம் ஒரு தொழிற்சாலையில் பழம் பொதி செய்யும் வேலை. பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை விடுவார்கள். அதற்கு இங்கே ஸ்மோக்கோ என்று பெயர். மேற்பார்வையாளர் "ஸ்மோக்கோ!" என்று கத்தியதும் எல்லோரும் வெளியே போவார்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தை இலக்கணத்தோடு படித்தவள். சொல்லுக்கு உள்ள பொருளைத்தான் எடுத்துக்கொள்வேன். புகைக்காதவர்களுக்கு இடைவேளை இல்லையாக்கும் என்று நினைத்து, முதல் இரண்டு நாளும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மூன்றாம் நாள் சமோவாக்காரி ஒருத்தி கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய் ஒரு சிகரெட்டை நீட்டினாள். மரியாதைக்கு வாங்கினேன். சொல்லின் உண்மையான அர்த்தம் எனக்கு விளங்கியபோது சிகரெட் என்னைவிட்டுப் போகிற நிலையில் இல்லை.

பிறகு படித்து, எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலக வேலைக்கு மாறி, கல்யாணமும் ஆனது. கணவர் சுத்த சைவம். கோயிலில் ஞாயிறுதோறும் செருப்பு அடுக்குகிற தொண்டர். அவருடைய மூக்கு சாதாரண மூக்கல்ல. பால் நாளைக்குத்தான் திரியும் என்றால் இன்றைக்கே சொல்லிவிடும். அந்த மூக்குக்குப் பயந்து பல வருடம் நான் சிகரெட்டைத் தொடவில்லை. ஒழுக்கம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அது வெறும் பயம்.

பிறகு அவருக்குக் கோவிட் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போனது. மணம் பிடிக்கும் சக்தி அதோடு சேர்ந்து போனது. கோப்பித் தூளை மூக்குக்குள் தள்ளாத குறையாக முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்டும் மணக்கேல்லையப்பா" என்று பாவமாகச் சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை, டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடைக்குப் போய் ஒரு பெட்டி சிகரெட் வாங்கிவந்தேன்.

இதற்காக நான் வெட்கப்படவேண்டும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பட்டேன். அவர் காலையில் ஏழு மணிக்கு வெஸ்ட்கேட்டில் உள்ள வேலைக்குப் புறப்படுவார். நான் எட்டு மணிக்குத்தான் பஸ் ஏறவேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பால்கனியில் ஒரு கோப்பியும் ஒரு சிகரெட்டும். மாலையில் அவர் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும் நேரத்தில் இன்னொன்று. பிறகு ஒரு ஊதுபத்தி. அவருக்கு அது மணக்காது என்றாலும் ஒரு கௌரவத்துக்கு.

இப்படி நாலைந்து மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மேல்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு தாளோடு வந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என்ஜினியரிங் படித்தவள், குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு இருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்குள்ள சிகரெட் வாடை வருதா?"

என் கையில் அப்போதுதான் ஊதுபத்திப் பெட்டி இருந்தது. "ஏன், உங்களுக்கு வருதோ?" என்று கேட்டேன்.

"காலையில ஏழேகால் ஆனா போதும், ஜன்னலைத் திறக்க முடியல. சாயங்காலமும் அப்படித்தான். பாப்பாவுக்கு வேற இருமல். கீழ் வீட்டு அங்கிள்தான் அக்கா. பஸ் ஓட்டினவர் இல்லையா, கையில எப்பவும் சிகரெட்தான். எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி மேனேஜருக்கு அனுப்பலாம்னு இருக்கோம். நீங்க நடுவுல இருக்கீங்க, உங்களுக்குத்தானே அதிகமா வரும்?"

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அல்லது எனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ஓம், சரியான மணம். இருக்கேலாது."

பேனையை நீட்டினாள். போட்டேன். போகும்போது, "தேங்க்ஸ் அக்கா, நீங்க ஒருத்தர்தான் உடனே போட்டீங்க" என்றாள்.

உண்மையில் கீழ்வீட்டுக்காரர்தான் கட்டடத்திலேயே சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியவர். ஒவ்வொரு முறையும் வீட்டைப் பூட்டி, மழைக்கோட்டு மாட்டி, கேட்டைத் தாண்டி நடைபாதைக்குப் போய், கட்டடத்தின் எல்லைக்கு வெளியே நின்றுதான் புகைப்பார். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நின்றதுதான் அவர் செய்த தவறு. ஒளித்துப் புகைத்தவளைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்பத்தைந்து வயது, பொட்டு, பஞ்சாபி உடுப்பு, கோயில் பிரசாதத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிற ஒரு பெண்ணிடம் யார்தான் லைட்டரைத் தேடப்போகிறார்கள்?

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரப் பெண், சிறு வயது, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்பவள். புகார் கிடைத்ததும் அவள் இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, கீழ்வீட்டுக்காரருக்குப் பதினாலு நாள் கடிதம் அனுப்பினாள். பதினாலு நாளுக்குள் தவறைத் திருத்தாவிட்டால் விஷயம் வாடகை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போகும், வீட்டை விடவேண்டியும் வரலாம் என்று அர்த்தம். இரண்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு நாலு மொழியில் அறிவித்தல் போட நினைத்தாள். தமிழுக்கு என்னைக் கேட்டு மின்னஞ்சல் எழுதினாள். நீங்கள் அக்கறையுள்ள குடியிருப்பாளர் என்பதைப் புகாரில் பார்த்தேன் என்று வேறு எழுதியிருந்தாள்.

ஆங்கிலத்தில் இருந்தது எளிமையானது: இந்தக் கட்டடத்தில் எங்கேயும் சிகரெட்டோ, வேப் என்கிற மின்சிகரெட்டோ புகைக்கக் கூடாது. நான் எழுதியது: 'இக்கட்டடத்தின் எப்பகுதியிலும் எவ்வகைப் புகையும் எழுப்புதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.' வேண்டுமென்றேதான் எழுதினேன். எல்லாப் புகையும் குற்றமானால் என் புகை கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிடும் என்று ஒரு கணக்கு. மேலும் அந்த வாக்கியம் அழகாகவும் இருந்தது. இரண்டு நாளிலேயே பளபளப்பான தாளில் ஒட்டிவிட்டார்கள்.

ஒட்டிய அன்று மாலை நான் தபால் எடுக்கக் கீழே இறங்கினேன். ஃபிஜிக்காரர் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவரிடம் மிஞ்சியிருந்த தமிழ் ஒரு கைப்பிடிதான்: தங்கச்சி, சோறு, தண்ணி, மாரியம்மா, மற்றதெல்லாம் கெட்ட வார்த்தை. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

"தங்கச்சி, இங்கே வா, ஒன்று காட்டுகிறேன்" என்று தன் வாசல் பக்கம் கூட்டிப்போனார். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, பெரிய தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. ஆக்லாந்துக் குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது லேசான வேலையில்லை. இரவில் அதற்குப் போர்வை போடுவார் அந்த மனிதர். இலைகளின்மேல் சாம்பல் படிந்திருந்தது.

"முதலில் மேலே ஏதோ பூஜை நடக்கிறது, திருநீறு விழுகிறது என்று நினைத்தேன்" என்றார். "நல்லதுதானே, செடிக்கும் ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு இது விழுந்தது."

சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே மூன்று சிகரெட் துண்டு. அதிலொன்றில் என் உதட்டுச் சாயம்.

அவர் பதினாலு நாள் கடிதத்தையும் எடுத்து, கீழே இருந்த கையெழுத்துகளின் பிரதியைக் காட்டினார். முதல் பெயர் என்னுடையது.

"உன் சிகரெட். உன் கையெழுத்து. கடிதம் மட்டும் எனக்கு" என்றார். அதற்குப் பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. ஆனால் உச்சரிப்பு மிகச் சுத்தம்.

"அண்ணா, நான் சொல்லிப்போடுறன்" என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே.

"பதினாலு நாள் இருக்கிறது. நீயே சொல்லு. அதுவரை தினமும் எனக்கு ஒரு சிகரெட் தரவேண்டும். இந்த நாட்டில் விற்கிற விலைக்கு ஓய்வூதியக்காரன் எங்கே போவது?"

அதை மிரட்டல் என்று சொல்வதா, இரக்கம் என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியாது. அன்றிலிருந்து தினமும் ஒரு சிகரெட்டைக் கடித உறைக்குள் வைத்து அவருடைய தபால் பெட்டியில் போட்டேன். பால்கனியில் புகைப்பதை நிறுத்தினேன் என்று நினைக்கவேண்டாம். ஒரு தேநீர்த் தட்டைச் சாம்பலுக்கு வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் மேல்வீட்டுப் பெண் மறுபடியும் வந்தாள். இந்த முறை முகம் சரியில்லை.

"அக்கா, இங்கிலீஷ் நோட்டீஸ்ல சிகரெட், வேப்னு போட்டிருக்கு. ஹிந்தியிலயும் அதேதான். தமிழ்ல மட்டும் எல்லாப் புகையும் கூடாதுன்னு இருக்கே? பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு சாம்பிராணி காட்டுவேன். ஒரு வாரமா பயந்துகிட்டுக் காட்டல. தலை காயாம சளி பிடிச்சுருச்சு. தமிழ் ஆளுங்களுக்கு மட்டும் தனி ரூலா?"

நான் தலையை ஆட்டிக்கொண்டு, "என்னட்டைத் தந்ததைத்தான் நான் எழுதினனான்" என்றேன். சொல்லிவிட்டு அவளுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினேன். என் பொய்யால் சளி பிடித்த குழந்தைக்கு என் ரசம். அன்று மாலை சிகரெட் இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை மேனேஜர் எல்லோரையும் கார் நிறுத்துமிடத்தில் கூடச் சொன்னாள். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். கணவரும் வந்திருந்தார். ஃபிஜிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு, ஏதோ நீதிமன்றத்துக்கு வந்தவர்போல நின்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே புகை, உடல்நலம், ஒப்பந்தம் என்று சொல்லிமுடித்து, கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள்.

மேல்வீட்டுப் பெண் கையை உயர்த்தினாள். தமிழர்களுக்கு மட்டும் ஏன் கடுமையான விதி என்று நேராக ஆங்கிலத்தில் கேட்டாள். மேனேஜரின் சிரிப்பு நின்றுபோனது. அப்படி ஒன்றும் இல்லையே, எல்லோருக்கும் ஒரே வாசகம்தானே என்றாள். இல்லை, தமிழில் வேறு மாதிரி இருக்கிறது என்று இவள் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்துக் காட்டினாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயரை மேனேஜர் அறிவித்தலின் அடியில் நன்றியோடு போட்டிருந்தாள்.

"மொழிபெயர்ப்பில் ஏதாவது சிக்கலா?" என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டாள். எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருந்தாள். தமிழ் மிகவும் சிக்கலான மொழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் நம்பியிருப்பாள். ஃபிஜிக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சப்பாத்தையும் அவர் பளபளவென்று துடைத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் அந்த வாசலால் போக முடியவில்லை.

"அது அவரின்ர சிகரெட் இல்லை. என்ர சிகரெட்" என்றேன்.

தமிழில் சொல்லியிருந்தேன். மேல்வீட்டுக்காரர் அன்று வேலைக்குப் போயிருந்ததால், விளங்கியது இரண்டு பேருக்குத்தான்: என் கணவருக்கும் அந்தப் பெண்ணுக்கும். மற்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தரம் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருந்தது. ஒரு குற்றத்தை ஒரு தரம் ஒப்புக்கொள்வது வீரம் மாதிரி இருக்கிறது. அதே குற்றத்தை அரை நிமிடம் கழித்து மறுபடியும், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி ஒப்புக்கொள்வதில் ஒரு வீரமும் இல்லை.

மேல்வீட்டுப் பெண் குழந்தையின் முகத்தைத் தன் தோளுக்குள் திருப்பி வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஃபிஜிக்காரர் மேனேஜரிடம் போய், கடிதத்தை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார். "இதை அவள் பெட்டியில் போடு" என்றார்.

வீட்டுக்கு ஏறி வந்ததும் கணவருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அவர் வந்து கதிரையில் இருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீர் சிகரெட் பத்துறது. மூக்கு வந்து மூண்டு மாசம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபம் வந்தது. எனக்குக் கோபப்பட ஒரு உரிமையும் இல்லை என்பது அந்தக் கோபத்துக்குத் தெரியவில்லை.

"மூண்டு மாசமோ? ஏன் சொல்லேல்லை?"

அவர் சன்னலைப் பார்த்தார். "மணக்குது எண்டு சொன்னா, மீன் பெட்டியை நான்தானே கழுவோணும். சாப்பாட்டுக் கழிவு வாளியையும் நான்தானே வெளியிலை வைக்கோணும். மூக்கில்லாத ஆளை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடுறேல்லைத்தானே."

சொன்னது நியாயம்தான். எங்கள் வீட்டில் மீன் எனக்காக மட்டுமே வாங்குவோம். அவர் சைவமென்றாலும் மூக்கு நன்றாக இருந்த காலத்தில், நாத்தம் தாங்காமல் தானே உரசிக் கழுவுவார். கழிவு வாளியும் அவர் பொறுப்பு. மூக்கு போன பிறகு, பழுதானது தெரியாதென்று சொல்லி இரண்டையும் என்னிடம் தள்ளிவிட்டார். நான் புகையை மறைத்தேன். அவர் மூக்கை மறைத்தார். மூன்று மாதம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, மிகவும் ஒற்றுமையாக வாழ்ந்திருக்கிறோம்.

"கோயிலிலை கேள்விப்பட்டா என்ன நினைப்பினம்?" என்று நான் கேட்டேன்.

"நீர் இருபது பேருக்கு முன்னாலை நிண்டு கதைச்சிட்டீர். இனி என்ன கோயில்" என்றார். பிறகு எழுந்துபோய் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அதுதான் சமாதானம். (அங்கே பன்னிரண்டு பேர்தான் நின்றார்கள். கணவர் எதையும் பெருக்கித்தான் சொல்வார்.)

செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் பதினாலு நாள் கடிதம் வந்தது. ஒப்பந்தம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் கடிதமும் இரண்டு பேர் பெயரிலும் வந்தது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத மனிதருக்குப் புகைத்த குற்றத்துக்கு எச்சரிக்கை. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் காட்டுகிறார். தமிழ் அறிவித்தலையும் நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன். இந்த முறை அனுப்பும் முன் மேல்வீட்டுப் பெண் சரிபார்க்கவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாள். அவள் ஒரே ஒரு திருத்தம் செய்து, குறிப்பு ஒன்றும் எழுதாமல் அனுப்பினாள். அடியில் இருந்த என் பெயரை எடுத்திருந்தாள்.

நான் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். விடவில்லை. மருத்துவர் கொடுத்த நிக்கொட்டின் பட்டையைத் தோளில் ஒட்டிக்கொண்டு, நாளுக்கு இரண்டை ஒன்றாக்கியிருக்கிறேன். அந்த ஒன்றை மாலையில் கேட்டுக்கு வெளியே, எல்லைக்கு அப்பால், ஃபிஜிக்காரரோடு நின்று இழுக்கிறேன். பஸ்ஸில் போகிறவர்கள், கடைக்குப் போகிற நம்மவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். முதல் வாரம் முகத்தைச் சால்வையால் மூடினேன். இரண்டாம் வாரம் சிகரெட் பட்டுச் சால்வையில் ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு மூடுவதில்லை. அவர் எனக்குத் தன் கெட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அர்த்தம் கேட்கிறார். பாதிக்கு எனக்கே தெரியாது.

மேல்வீட்டுப் பெண் ஐந்து வாரம் என்னோடு கதைக்கவில்லை. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள்; எங்களைக் கண்டதும் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் போவாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானாக இருந்தாலும் கடந்திருப்பேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அவள் கடக்கவில்லை. நேராக வந்து, ஐந்தாறு அடி தூரத்தில் வண்டியை நிறுத்தி பிரேக் போட்டாள்.

"அக்கா, சிகரெட்டைக் கீழ போடுங்க."

போட்டு மிதித்தேன். ஃபிஜிக்காரரும், தன்னைச் சொல்லவில்லை என்றாலும், போட்டு மிதித்தார். அவள் வண்டியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு முறுக்குப் பையை எடுத்து, குழந்தையைத் தாண்டி வந்து, கையை முழுக்க நீட்டி என்னிடம் கொடுத்தாள்.

"அங்கிளுக்கும் சேர்த்துத்தான். அவர்கிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேட்கல. நீங்களே சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்கோவன், இஞ்சைதானே நிக்கிறார்."

அவள் அவரைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பெரிய மனது பண்ணித் தலையாட்டிவிட்டு, பையைப் பிரித்து, காரம் போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அடுத்த முறை போடு என்றார்.